கழிவுநீரில் இருந்து மின்சாரம்: மண்குவளை மின்கலம் செய்து ஓட்டும் முறை

கழிவுநீரில் கரைந்திருக்கும் அழுக்கு பாக்டீரியாவுக்கு உணவு. அந்த உணவைச் சிதைக்கும்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை அவை எங்காவது இறக்கியாக வேண்டும். காற்று கிடைக்கும் இடத்தில் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். காற்று புகாத சேற்றில் வாழும் சில இனங்கள் இரும்பு ஆக்சைடு போன்ற திடப்பொருள்களின் மீதே எலக்ட்ரானை இறக்கக் கற்றவை. ஜியோபேக்டர், ஷெவனெல்லா ஆகிய இரண்டும் இவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை. இரும்புத் தாதுக்குப் பதிலாகக் கார்பன் துண்டு ஒன்றை வைத்தாலும் அவை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கார்பனிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, காற்று படும் இன்னொரு கார்பனுடன் இணைத்தால் எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஆக்சிஜனை நோக்கி ஓடும். நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம் என்பது இவ்வளவுதான். பாக்டீரியா இருக்கும் பக்கம் ஆனோடு, காற்று படும் பக்கம் கேத்தோடு.

கருத்து பழையது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் எம்.சி. பாட்டர் 1911இலேயே நுண்ணுயிர்களிடமிருந்து மின்னோட்டம் வருவதை அளந்து வெளியிட்டார். வீட்டுக் கழிவுநீரையே எரிபொருளாக வைத்து, அதைச் சுத்தப்படுத்திக்கொண்டே மின்சாரமும் எடுக்கலாம் என்பதை 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகனின் குழு காட்டியது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சதுர மீட்டர் மின்முனைக்கு 26 மில்லிவாட். வீட்டில் செய்யும் முதல் கலத்திலிருந்து அதில் பாதி வந்தாலே நல்ல வேலை.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டரில் வோல்ட் தெரிவதும் பாக்டீரியா வேலை செய்வதும் ஒன்றல்ல. கழிவுநீரில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் நட்டால் அடுத்த நொடியே மீட்டர் ஏறும். அங்கே கரைவது துத்தநாகம், அழுக்கு அல்ல. "கழிவுநீர் மின்சாரம்" என்று காட்டப்படும் பல செய்முறைகள் உண்மையில் உலோகத்தைத் தின்னும் சாதாரண பேட்டரிகள். அதனால் இந்தக் கலத்தில் மின்முனைகள் இரண்டும் கார்பன். துத்தநாகம், அலுமினியம், செம்பு எதுவும் நீரைத் தொடக்கூடாது. செம்புக்கு இன்னொரு குறையும் உண்டு: கரைந்து பாக்டீரியாவையே கொன்றுவிடும்.

தேவையான பொருள்கள்

மெருகு பூசாத சுட்ட மண்குவளை ஒன்று: வெளிவிட்டம் 8 செ.மீ., உயரம் 12 செ.மீ., சுவர்த் தடிப்பு சுமார் 5 மி.மீ. இதில் ஏறக்குறைய 450 மி.லி. பிடிக்கும். 5 மி.மீ. தடிப்புள்ள கார்பன் ஃபெல்ட் (கார்பன் இழைகளால் ஆன கம்பளி போன்ற துணி) இரண்டு துண்டுகள்: உள்ளே வைக்க 22 க்கு 10 செ.மீ., வெளியே சுற்ற 27 க்கு 12 செ.மீ. நைசான ஆக்டிவேட்டட் கார்பன் பொடி 12 கிராம். டைட்டானியம் கம்பி அரை மீட்டர். கிடைக்காவிட்டால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. அதே ரகத்தில் மெல்லிய ஸ்டீல் வலை ஒரு துண்டு. குவளைக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் மூடி, மீன்தொட்டி ஒட்டும் சிலிகான், 4 மி.மீ. டியூப், தட்டையான தட்டு, நைலான் டை. 100 ஓம் முதல் 10,000 ஓம் வரை சில ரெசிஸ்டர்கள், டிஜிட்டல் மல்டிமீட்டர், பி.எச். காகிதம்.

இரண்டு பாட்டில்களை உப்புப் பாலத்தால் இணைக்கும் மாதிரி பள்ளிச் செய்முறைகளில் நிறைய வருகிறது. அதைத் தவிர்ப்பது நல்லது. உப்புப் பாலத்தின் உள்மின்தடை பல ஆயிரம் ஓம்களுக்குப் போய்விடும். எவ்வளவு நல்ல பாக்டீரியா வளர்ந்தாலும் மின்னோட்டம் வெளியே வராது. அயனிகளை மட்டும் கடத்தும் ஜவ்வுகள் நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் நிற்கும் நீரே அயனிகளைக் கடத்திவிடுகிறது, காற்றையும் பெருமளவு தடுக்கிறது. முதல் கலத்துக்கு இது போதும்.

குவளையைச் சோதித்தல்

குவளையில் நீர் நிரப்பி ஒரு மணி நேரம் வையுங்கள். வெளிச்சுவர் ஈரம் கசிந்து நிறம் மாற வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் விரிசல் இருக்கிறது அல்லது துளைகள் பெரியவை. வெளியே காய்ந்தே இருந்தால் மண் அதிகமாகச் சுடப்பட்டிருக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஏதோ இருக்கிறது. இரண்டுமே உதவாது. தேறிய குவளையை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவிடுங்கள். சுவருக்குள் காற்று அடைந்திருந்தால் அயனிகள் போக வழியிருக்காது.

ஆனோடு

புதிய கார்பன் ஃபெல்ட் நீரை ஏற்காது, மேலே மிதக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வாலை வடிநீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் நீர் உள்ளே இறங்கும். ஆல்கஹால் முழுவதும் அலசிப் போன பிறகே அடுப்பில் வையுங்கள், அது எளிதில் தீப்பற்றும். இந்தப் படியை விட்டுவிட்டால் ஃபெல்ட்டின் உட்பகுதி காற்றுக் குமிழிகளோடு நின்றுவிடும். பாக்டீரியா மேற்பரப்பில் மட்டும் ஒட்டும்.

கம்பியை ஃபெல்ட்டுக்குள் ஐந்தாறு இடங்களில் தைத்ததுபோல் ஏற்றி இறக்குங்கள். ஃபெல்ட்டின் தூர மூலைக்கும் கம்பி முனைக்கும் இடையே மீட்டர் 10 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் தையலை இறுக்குங்கள். பிறகு ஃபெல்ட்டைச் சுருட்டிக் குவளையின் உட்சுவரோடு ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். நடுவில் தொங்கவிட வேண்டாம். வீட்டுக் கழிவுநீர் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும். ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவே ஒவ்வொரு செ.மீ. நீரும் உள்மின்தடையைக் கூட்டுகிறது. சுவரோடு ஒட்டி வைத்தால் இடைவெளி சுவரின் தடிப்பு மட்டுமே.

மூடியில் இரண்டு துளைகள் போதும். ஒன்றில் கம்பி, மற்றதில் டியூப். இரண்டையும் சிலிகானால் அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். வினிகர் வாடை முற்றிலும் போன பிறகே பயன்படுத்த வேண்டும். டியூபின் மறுமுனை ஒரு சிறு பாட்டில் நீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்கட்டும். உள்ளே உருவாகும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. டியூப் இல்லாமல் இறுக மூடிவிட்டால் அழுத்தம் கூடி மூடி பிய்த்துக்கொள்ளும். அந்த வாயுவில் மீத்தேன் இருக்கலாம். அருகில் தீ வேண்டாம்.

கேத்தோடு

கலம் எவ்வளவு தரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தப் பக்கம்தான். புதியவர்கள் கவனம் முழுவதையும் பாக்டீரியாவின் மீது வைத்துவிட்டு இதை அலட்சியமாகக் கட்டுகிறார்கள். ஆக்சிஜன், நீர், எலக்ட்ரான், புரோட்டான் நான்கும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். வெறும் கார்பன் ஃபெல்ட்டில் அந்த வினை மிக மெதுவாக நடக்கும். ஆக்டிவேட்டட் கார்பனின் கோடிக்கணக்கான துளைகள் அதை வேகப்படுத்துகின்றன.

12 கிராம் பொடியைச் சிறிது நீர் விட்டுக் கெட்டியான விழுதாகக் குழையுங்கள். குவளையின் வெளிச்சுவரில் அடியிலிருந்து 2 செ.மீ. விட்டு, அதற்கு மேல் 10 செ.மீ. உயரத்துக்குச் சுற்றிலும் பூசுங்கள். அதன் மீது ஃபெல்ட்டைச் சுற்றி, அதற்கு மேல் ஸ்டீல் வலையைப் போர்த்தி, நைலான் டைகளால் நான்கு இடங்களில் இறுக்கிக் கட்டுங்கள். பசை ஏதும் வேண்டாம். கட்டின் இறுக்கமே பொடியைப் பிடித்துக்கொள்ளும், மின்தொடர்பையும் தரும். தளர்வாகக் கட்டினால் சில நாளில் மின்தடை ஏறிவிடும்.

குவளையைத் தட்டில் நிறுத்தி 2 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். ஃபெல்ட்டின் கீழ் ஓரம் மட்டும் அந்த நீரில் நனைந்து, திரியாக மேலே உறிஞ்ச வேண்டும். ஸ்டீல் வலை நீரைத் தொடக்கூடாது, துருப்பிடிக்கும். ஃபெல்ட் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீரில் மூழ்கிவிடக் கூடாது. மூழ்கினால் ஆக்சிஜன் போய்ச் சேராது. நீரில் காற்றை ஊதும் மீன்தொட்டிப் பம்பு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பம்பு எடுக்கும் மின்சாரம் இந்தக் கலம் தருவதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. காற்று தானாகவே வந்து சேரும்படி கட்டுவதில்தான் அர்த்தம் இருக்கிறது.

விதையும் உணவும்

பாக்டீரியாவைத் தரும் விதையாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றில்லாத் தொட்டிச் சேறு சிறந்தது. குளத்தின் அடியில் கிடக்கும் கறுப்புச் சேறும் போதும். ஒரு பங்கு சேறு, ஒன்பது பங்கு கழிவுநீர் எனக் கலந்து, கல்லும் குச்சியும் போக வடிகட்டுங்கள். கையுறை கட்டாயம். கை கழுவாமல் முகத்தைத் தொட வேண்டாம். எக்காரணம் கொண்டும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ சாக்கடைக் குழிக்குள்ளோ இறங்காதீர்கள், தலையை விட்டுப் பார்க்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சில் உயிரைப் பறித்துவிடும். மாதிரி எடுக்க நீண்ட கயிற்றில் கட்டிய பாட்டில் போதும். கிருமிநாசினி, குளோரின், கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் கலந்த நீரை எடுக்காதீர்கள்.

முதல் சில சுற்றுகளுக்கு, அதாவது நீர் ஊற்றும் முதல் சில தடவைகளுக்கு, உணவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் ஆனோடில் பாக்டீரியாப் படலம் விரைவில் பிடிக்கும். லிட்டருக்கு 1 கிராம் சோடியம் அசிடேட் போதும். அது இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: 5 சதவீத வினிகர் 15 மி.லி.யில் 1 கிராம் சமையல் சோடா கலந்தால், நுரை அடங்கியதும் ஏறக்குறைய 1 கிராம் சோடியம் அசிடேட் கிடைக்கும். நம் குவளைக்கு அதில் பாதி. இதோடு லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் சமையல் சோடா தனியே சேர்த்தால் அமிலத்தன்மை ஏறாமல் காக்கும். கலவையின் பி.எச். 7க்கும் 7.5க்கும் இடையில் நிற்கட்டும். சர்க்கரை போட வேண்டாம். சர்க்கரையை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகும், நீர் புளித்துப்போகும், எலக்ட்ரான் தரும் இனங்கள் பின்தங்கிவிடும்.

குவளையை மேல் விளிம்பு வரை நிரப்பி, காற்று தங்காமல் மூடுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

ஆனோடுக் கம்பிக்கும் கேத்தோடு வலைக்கும் இடையே 1,000 ஓம் ரெசிஸ்டரை முதல் நாளே இணைத்துவிடுங்கள், கழற்றாதீர்கள். சுற்று திறந்தே கிடந்தால் எலக்ட்ரானுக்குப் போக்கிடம் இருக்காது. மின்முனையில் மூச்சுவிடும் இனங்களுக்கு எந்த ஆதாயமும் கிடைக்காமல் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கலத்தை 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில் வையுங்கள்.

மீட்டரின் கறுப்பு முனையை ஆனோடில் வைத்து, ரெசிஸ்டரின் இரு பக்கமும் அளக்கவும். ஒரு நாளைக்கு இரண்டு முறை குறித்துவைத்தால் போதும். முதல் சில நாள் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டாமல் கிடக்கும். பொறுத்திருங்கள். பெரும்பாலும் 4 முதல் 10 நாளுக்குள் மளமளவென ஏறி 300க்கும் 500க்கும் இடையே நிற்கும். பிறகு உணவு தீரும்போது இறங்கும். அப்போது பத்தில் ஒன்பது பங்கு நீரை மாற்றிப் புதிய கழிவுநீரும் உணவும் ஊற்றுங்கள். ஆனோடு ஃபெல்ட்டை வெளியே எடுத்துக் காற்றில் வைக்கவோ கழுவவோ கூடாது. மூன்று சுற்றுகளில் உச்சம் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் படலம் முதிர்ந்துவிட்டது. அதன் பிறகு அசிடேட்டை நிறுத்திவிட்டு வெறும் கழிவுநீரை மட்டும் கொடுக்கலாம்.

மின்சாரம் பாக்டீரியாவிடமிருந்துதான் வருகிறதா? இரண்டு அடையாளங்கள் உண்டு. உணவு தீர்ந்தால் இறங்கி, உணவு ஊற்றினால் மீண்டும் ஏற வேண்டும். இரண்டாவது, இதே போல் இன்னொரு குவளையைக் கட்டி, சேறு சேர்க்காமல் கொதிக்கவைத்து ஆறிய கழிவுநீரை ஊற்றி வைத்தால், அதில் குறைந்தது முதல் சில நாளாவது மின்னழுத்தம் ஏறக்கூடாது. ஏறினால் எங்கோ உலோகம் கரைகிறது.

அளப்பது எப்படி

சுமையில்லாமல், அதாவது ரெசிஸ்டர் இணைக்காமல், அளந்தால் 0.6 முதல் 0.75 வோல்ட் வரை தெரியும். கோட்பாட்டின்படி அசிடேட்டுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 1.1 வோல்ட் கிடைக்க வேண்டும். மிச்சம் மின்முனைகளிலேயே செலவாகிறது. ஆனால் அந்தத் திறந்த மின்னழுத்தத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. சுமை ஏற்றிப் பார்த்தால்தான் கலத்தின் பலம் தெரியும்.

உணவு ஊற்றி ஒரு நாள் ஆன பிறகு, ரெசிஸ்டரைக் கழற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு 10,000, 4,700, 2,200, 1,000, 470, 220, 100 ஓம் என வரிசையாக இணைத்து, ஒவ்வொன்றிலும் 20 முதல் 30 நிமிடம் காத்திருந்து குறியுங்கள். அவசரப்பட்டால் பாக்டீரியா புதிய சுமைக்குப் பழகும் முன்பே அளந்துவிடுவீர்கள், எண்கள் முன்னுக்குப் பின் முரணாக வரும். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் திறன். எடுத்துக்காட்டாக 1,000 ஓமில் 0.46, 470இல் 0.35, 220இல் 0.23, 100இல் 0.13 வோல்ட் வந்தால், திறன் முறையே 0.21, 0.26, 0.24, 0.17 மில்லிவாட். உச்சம் 470 ஓமுக்கு அருகில். அப்படியானால் கலத்தின் உள்மின்தடையும் கிட்டத்தட்ட அந்த அளவே. இனி 1,000 ஓமை எடுத்துவிட்டு 470ஐ நிரந்தரமாக வையுங்கள்.

எலக்ட்ரான் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. நீரில் உள்ள அழுக்கைச் சி.ஓ.டி. என்ற அளவால் குறிப்பார்கள். அதை முழுவதும் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அது. 1 கிராம் சி.ஓ.டி. சுமார் 12,060 கூலும் (மின்னூட்டத்தின் அலகு; 1 ஆம்பியர் 1 நொடி ஓடினால் 1 கூலும்) எலக்ட்ரான் தர வல்லது. 450 மி.லி. நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் குறைந்திருந்தால் 0.18 கிராம், அதாவது ஏறக்குறைய 2,170 கூலும். மூன்று நாள் 0.46 மில்லி ஆம்பியர் ஓடியிருந்தால் கம்பி வழியே வந்தது சுமார் 119 கூலும். வெறும் 5.5 சதவீதம். மீதி மண்சுவர் வழியே கசிந்த ஆக்சிஜனுக்கும், மீத்தேனுக்கும், நீரில் இருந்த சல்ஃபேட்டுக்கும், பாக்டீரியாவின் சொந்த வளர்ச்சிக்கும் போய்விட்டது. இந்த எண்ணைப் பார்த்துச் சோர்வடைய வேண்டாம். அந்த 400 மில்லிகிராம் அழுக்கு காற்று ஊதும் செலவில்லாமல் நீரிலிருந்து போயிருக்கிறது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் மின்கட்டணத்தின் பெரும்பங்கை எடுப்பது அந்தக் காற்று ஊதும் வேலைதான். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணமும் இதுவே.

கோளாறுகள்

திறந்த மின்னழுத்தம் நன்றாக இருந்து, சுமை ஏற்றியதும் சரிந்துவிட்டால் முதலில் தொடர்புகளைப் பாருங்கள்: கேத்தோடு கட்டு தளர்ந்திருக்கும், கிளிப் துருப்பிடித்திருக்கும், அல்லது ஃபெல்ட் காய்ந்திருக்கும். எல்லாம் சரியென்றால் கழிவுநீர் மிகவும் நீர்த்ததாக இருக்கலாம். சமையல் சோடாவைச் சிறிது கூட்டிப் பாருங்கள்.

சில வாரங்களில் கேத்தோடின் மீது வெள்ளையாக உப்பு பூக்கும். கேத்தோடில் புரோட்டான்கள் செலவாகின்றன; ஆனால் நடுநிலை நீரில் புரோட்டானைவிடச் சோடியமும் பொட்டாசியமும் பல்லாயிரம் மடங்கு அதிகம் என்பதால் சுவரைக் கடந்து வருபவை பெரும்பாலும் அவையே. கேத்தோடு பக்கம் காரமாகிக் கார்பனேட் படிகிறது. வெளி ஃபெல்ட்டை மட்டும் கழற்றி, ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து அரை மணி ஊறவைத்து அலசுங்கள். தட்டு நீரை வாரம் ஒருமுறை மாற்றினால் இது தாமதமாகும். ஃபெல்ட்டின் உட்புறம் வழுவழுப்பான படலம் பிடித்திருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள். கசியும் கழிவுநீரைத் தின்று வளரும் அந்தப் படலம், கேத்தோடுக்குச் சேர வேண்டிய ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் சல்ஃபேட் நிறைந்த நீர். கலத்தைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வேறு நீரைக் கொடுங்கள். பி.எச். 6க்குக் கீழே போனால் உணவு அதிகமாகிவிட்டது என்று பொருள். பாதி நீரை மாற்றிச் சோடா சேருங்கள். குளிரில் மின்னோட்டம் குறைவது இயல்பு, வெப்பம் திரும்பினால் மீளும்.

மின்சாரத்தைப் பயன்படுத்துதல்

நாள் முழுக்க 0.26 மில்லிவாட் என்றால் சுமார் 22 ஜூல். 2 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும் சிவப்பு எல்.இ.டி.யை, மின்னழுத்தம் உயர்த்தும் சுற்றில் பாதி வீணானாலும், தினம் ஏறக்குறைய 18 நிமிடம் எரிக்கலாம். நேரடியாக இணைத்தால் எரியாது. சேர்த்து வைத்துச் செலவழிப்பதே வழி.

பெரிய குவளை செய்தால் பெரிய மின்சாரம் வரும் என்று நினைக்காதீர்கள். கன அளவு கூடும் வேகத்தில் சுவரின் பரப்பு கூடாது. சிறிய கலங்கள் பலவற்றைக் கட்டுங்கள். ஆனால் பலவற்றைத் தொடராக இணைத்தால் ஒரு சிக்கல் வரும்: ஒரு கலத்தில் மட்டும் உணவு குறைந்தாலும் மற்றவை அதைத் தலைகீழாக ஓட்டி, அதன் மின்னழுத்தம் எதிர்மறையாகிவிடும். ஆனோடுப் படலம் கெட்டுப்போகலாம். எனவே கலங்களைப் பக்க இணைப்பில் சேர்த்து, மின்னழுத்தம் உயர்த்தும் சிப்பைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. பி.க்யூ.25504 போன்ற சிப், தொடங்கிய பிறகு 130 மில்லிவோல்ட் வரை இறங்கியும் ஓடும். ஆனால் வெறும் கலத்தில் தானாகத் தொடங்க 0.6 வோல்ட் அளவு கேட்கும். அதன் சேமிப்பு மின்தேக்கியை ஒருமுறை வெளி பேட்டரியால் ஏற்றிவிட்டால் இந்தத் தடை நீங்கும். 20 மில்லிவோல்ட்டிலேயே தொடங்கும் எல்.டி.சி.3108 ஆசை காட்டும். அதன் உள்ளீட்டு மின்தடை சில ஓம் மட்டுமே என்பதால் 400 ஓம் கலத்தின் மின்னழுத்தத்தை அமுக்கிவிடும். குறைந்த மின்தடையுள்ள பெரிய அடுக்குகளுக்கே அது ஏற்றது.

வெளியே எடுக்கும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் நோய்க்கிருமிகள் அதில் அப்படியே இருக்கும். கழிவறையில் ஊற்றுங்கள், காய்கறிச் செடிகளுக்கு வேண்டாம். சில வாரம் கலத்தைக் கவனிக்க முடியாது என்றால் உணவு ஊற்றி, ரெசிஸ்டரைக் கழற்றாமல், தட்டில் நீர் நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திரும்பி வந்து புதிய கழிவுநீர் ஊற்றினால் பெரும்பாலும் முதல் தடவையைவிட விரைவாகவே பழைய அளவுக்கு ஏறிவிடும்.